டிவிடி பிளேயரை ஹோம் தியேட்டர் ரிசீவருடன் இணைப்பது எப்படி: மலைவீட்டுக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

போன ஐப்பசியில், கோத்தகிரிக்கு அருகே ஒரு ஹட்டியில் (படகர் ஊரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) வசிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, மகன் ஆசையாக வாங்கிக் கொடுத்த ரிசீவர். ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். இரண்டு வருடமாகப் படம் பார்க்கிறேன். பேசுகிறவர்கள் எல்லாம் கிணற்றுக்குள் நின்று பேசுவது போலவே இருக்கிறது. அவனிடம் குறை சொல்லவும் மனம் வரவில்லை" என்றார்.

குன்னூரிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். பிளேயரின் பின்பக்கத்தைத் திருப்பினால், ரிசீவருக்கு, அதாவது ஒலியை வாங்கிப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துத் தரும் கருவிக்கு, இரண்டு விதமான வயர்கள் போயிருந்தன. சிவப்பு, வெள்ளை ஜோடி ஒன்று. ஆப்டிகல் வயர் ஒன்று. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் மாட்டியிருக்கிறார். ஆப்டிகல் வயரின் முனையில் கடையில் போட்டுக் கொடுக்கும் சிறு பிளாஸ்டிக் மூடி கழற்றப்படவே இல்லை. அதனால் அது துளைக்குள் முழுதாக நுழையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. ஒலி வந்ததெல்லாம் சிவப்பு, வெள்ளை வழியாகத்தான். அதன் மேல் ரிசீவரில் 'ஹால்' என்ற எதிரொலி முறையை யாரோ அழுத்தி வைத்திருந்தார்கள். கிணறு அங்கேதான் இருந்தது.

இந்த வேலையில் பாதி வயர், பாதி மெனு. வயரை மாட்டியதும் வேலை முடிந்ததாக நினைத்துச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறோம். ஐந்து பெட்டியிலும் ஏதோ ஒரு சத்தம் வருவதால், கிடைப்பது இரண்டு சேனல்தான் (இரண்டு தனித்தனி ஒலிகள்தான்) என்பது வருடக்கணக்கில் தெரிவதில்லை. ஆகவே கீழே மெனுவுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் ரிசீவர் எந்த ரகம்?

வயர் வாங்கக் கிளம்புவதற்கு முன் டார்ச் ஒன்றை எடுத்துக்கொண்டு ரிசீவரின் முதுகைப் பாருங்கள். கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் கடையிலும் உதவும்.

எச்டிஎம்ஐ துளைகள் நாலைந்து இருந்தால் வேலை எளிது. எச்டிஎம்ஐ இல்லாமல், ஆப்டிகல் என்று எழுதிய சிறு சதுரக் கதவும் கோஆக்சியல் என்று எழுதிய ஆரஞ்சு வட்டமும் இருந்தால் அது சற்றுப் பழைய ரிசீவர், அதுவும் நல்லதே. டிவிடி இயங்கும் பகுதி உள்ளேயே அமைந்த 'பெட்டி செட்' என்றால் இணைக்க எதுவும் இல்லை. ஸ்பீக்கரை மட்டும் கவனித்தால் போதும்.

நம் ஊர்ப்பக்கம் நான்காவது ரகமும் உண்டு. கோயம்புத்தூரிலோ சென்னை ரிச்சி தெருவிலோ பாகங்கள் வாங்கி உள்ளூர்க்காரர் கோத்துக் கொடுத்த அசெம்பிள் செட். அதன் பின்னால் ஆறு வட்டத் துளைகள் மட்டும் இருக்கும்: முன் இடது, முன் வலது, நடு, பின் இடது, பின் வலது, சப்வூஃபர். பெரும்பாலும் இந்த செட்டுக்குள் டீகோடர் கிடையாது. அதாவது வட்டில் சுருக்கி வைத்திருக்கும் 5.1 ஒலியை (ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்குமான ஆறு சேனலை) பிரிக்க அதற்குத் தெரியாது. பிரித்துக் கொடுத்தால் பெருக்கித் தரும். பிரிக்கும் வேலையை டிவிடி பிளேயர் செய்ய வேண்டும். ஆகவே பிளேயரிலும் அதே ஆறு துளைகள் இருக்க வேண்டும். இல்லையென்றால் டீகோடர் போர்டு ஒன்றைத் தனியாக வாங்கி இடையில் சேர்க்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆப்டிகல் வயரை வாங்கிக்கொண்டு வந்து, செருக இடம் தேடியவர்களை எனக்குத் தெரியும்.

ஒலிக்கு ஒரே ஒரு வழி

தலைமையாசிரியர் செய்ததுபோல இரண்டு மூன்று வழிகளைத் திறந்து வைத்தால், ரிசீவர் எதை எடுத்துக்கொள்கிறது என்பதில் குழப்பம் வரும். ஒரு வழியைத் தேர்ந்து, மற்ற ஒலி வயர்களைக் கழற்றிவிடுங்கள்.

எச்டிஎம்ஐ இரண்டிலும் இருந்தால் அதுவே போதும். பிளேயரின் வெளியீட்டிலிருந்து ரிசீவரின் உள்ளீட்டுக்கு ஒரு வயர்; ரிசீவரின் வெளியீட்டிலிருந்து தொலைக்காட்சிக்கு இன்னொரு வயர். படமும் ஒலியும் ஒரே பாதையில் போய்விடும். எச்டிஎம்ஐ அறிமுகமானது 2002-இல். தொடக்ககால ரிசீவர்கள் சில, அந்த வயரிலிருந்து படத்தை மட்டும் தொலைக்காட்சிக்குக் கடத்திவிட்டு ஒலியைத் தொடாமலே விட்டுவிடும். படம் வருகிறது, ஒலி இல்லை என்றால் பழுது என்று நினைக்காதீர்கள். ஒலிக்குத் தனியாக ஆப்டிகலோ கோஆக்சியலோ போடுங்கள்.

ஆப்டிகல் வயரில் ஓடுவது வெளிச்சம். பிளேயரை இயக்கி, வயரின் மறுமுனையைப் பார்த்தால் செந்நிறப் புள்ளி தெரியும். தெரிந்தால் வயர் உயிரோடு இருக்கிறது. மூடியைக் கழற்றுங்கள், முனையின் வடிவத்தைத் துளையோடு பொருத்தி, 'டக்' என்ற சத்தம் வரும்வரை அழுத்துங்கள். அலமாரிக்குப் பின்னால் கூர்மையாக மடித்துவிடக் கூடாது. மின்சாரம் ஓடாததால் இதன் வழியாக இரைச்சல் ஏறாது என்பது இதன் தனிச்சிறப்பு.

கோஆக்சியல், ஆப்டிகலுக்குத் தரத்தில் எந்த வகையிலும் குறைந்ததல்ல. ஒரே சமிக்ஞை, ஒன்றில் வெளிச்சமாகவும் மற்றொன்றில் மின்சாரமாகவும் போகிறது. இதற்கென்று தனி வயர் கிடைக்காவிட்டால், பழைய மூன்று நிற ஏவி வயரில் இருக்கும் மஞ்சளைப் பயன்படுத்தலாம். படத்துக்கான அந்த வயரும் இதைப் போலவே 75 ஓம் வகைதான். ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு நான் பல வீடுகளில் அப்படிப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். தங்க முலாம் பூசிய வயருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்காதீர்கள்; அந்தப் பணத்தில் நடு ஸ்பீக்கரை மாற்றலாம்.

சிவப்பு, வெள்ளை ஜோடி கடைசிப் புகலிடம். அதில் இரண்டு சேனலுக்கு மேல் போகாது. ரிசீவர் தன் ஊகத்தால் அதை ஐந்து பெட்டிக்கும் பரப்பும், அவ்வளவுதான்.

ஸ்பீக்கர் வயர்

எல்லா பிளக்குகளையும் மின்சாரத்திலிருந்து பிடுங்கிவிட்டுத் தொடங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது, பிடுங்குங்கள்.

வயரின் முனையில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மட்டும் தோலை உரிக்க வேண்டும். உள்ளிருக்கும் செம்பு இழைகளை விரல்களுக்கிடையே வைத்து, விளக்குத் திரியைத் திரிப்பது போல இறுக்கமாகத் திரியுங்கள். ஓர் இழைகூடப் பிரிந்து நிற்கக் கூடாது. சிவப்பு முனைக்கும் கறுப்பு முனைக்கும் இடையே ஒரே ஓர் இழை தொட்டுக்கொண்டால் ரிசீவர் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். பாதுகாப்பு இல்லாத அசெம்பிள் செட் என்றால் ஒலியைப் பெருக்கும் ஐசி (சில்லு) புகைந்துவிடும்.

இரட்டை வயரில் ஒன்றின் மேல் கோடோ வரம்போ இருக்கும். கோடுள்ளதைச் சிவப்புக்கு என்று முடிவு செய்துகொண்டால், ஐந்து பெட்டிக்கும் இரண்டு முனைகளிலும் அதையே கடைப்பிடியுங்கள். ஒன்று மட்டும் மாறிப்போனாலும் ஒலி வரும். ஆனால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, தவில் அடிப்பது தகர டப்பாவைத் தட்டுவது போல மெலிந்து கேட்கும்.

இடம் வைப்பதில் நம் வீடுகளுக்கு ஒரு சிக்கல். பழைய மலைவீடுகளில் கணப்படுப்பு ஒரு சுவரை எடுத்துக்கொள்ளும், சோபா எதிர்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும், பின் ஸ்பீக்கருக்கு இடமே இருக்காது. கவலை வேண்டாம். 5.1-க்குப் பின் ஸ்பீக்கர் என்பது முதுகுக்கு நேர் பின்னால் இருக்க வேண்டியதில்லை. தொலைக்காட்சியை நேராகப் பார்த்து உட்கார்ந்தால், நேர்க்கோட்டிலிருந்து 110 பாகை அளவில், அதாவது காதுக்குப் பக்கவாட்டில் சற்றே பின்தள்ளி, காதைவிட ஓரிரு அடி உயரத்தில் இருந்தால் சரி. முன் இரண்டும் இருபுறமும் சுமார் 30 பாகையில். நடு ஸ்பீக்கரைத் தொலைக்காட்சிக்கு அடியில் வைத்தால் அதன் முன்புறத்தைக் கொஞ்சம் தூக்கி, உங்கள் முகத்தைப் பார்க்கும்படி வையுங்கள். அலமாரிக்குள் தள்ளி வைத்தால் குரல் கம்மிவிடும். சப்வூஃபர் மரத் தரையில் நின்றால் தரையும் சேர்ந்து முழங்கும். அடியில் ஒரு கடப்பைக் கல் துண்டும் அதற்குக் கீழே ரப்பர் விரிப்பும் போட்டால் அடங்கும்.

படத்துக்கான வயர்

எச்டிஎம்ஐ போட்டவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். மஞ்சள் வயர் போடுகிறவர்களுக்கு ஒரே எச்சரிக்கை: பல ரிசீவர்கள் ஒரு வகையை இன்னொரு வகையாக மாற்றித் தராது. மஞ்சளில் உள்ளே போனால் மஞ்சளில்தான் வெளியே வரும். அதற்குப் பிளேயரிலிருந்து தொலைக்காட்சிக்கே நேராகப் போட்டுவிடுவது நல்லது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துளை இரண்டிலும் இருந்தால் மஞ்சளைவிட அது தெளிவாக இருக்கும்.

பிளேயரின் மெனு

இனிதான் கவனம் வேண்டும். ரிமோட்டில் 'செட்டப்' அழுத்துங்கள். வட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது சில பிளேயர்கள் பாதி மெனுவைப் பூட்டி வைக்கும். வட்டை நிறுத்திவிட்டு அழுத்துங்கள். ஒலிப் பகுதிக்குள் 'டிஜிட்டல் அவுட்புட்' என்றோ 'எஸ்பிடிஐஎஃப்' என்றோ ஒரு வரி இருக்கும். அதற்குள் மூன்று தேர்வுகள்: ஆஃப், பிசிஎம், பிட்ஸ்ட்ரீம். கடைசியதை மலிவான பிளேயர்களில் 'ரா' என்று போட்டிருப்பார்கள்.

ஆப்டிகலோ கோஆக்சியலோ போட்டிருந்தால் நீங்கள் தேர வேண்டியது பிட்ஸ்ட்ரீம் அல்லது ரா. காரணம் கணக்கில் இருக்கிறது. இந்த வழியைச் சோனியும் பிலிப்ஸும் இரண்டு சேனல் ஒலிக்காக வகுத்தன. சுருக்காத ஒலி நொடிக்கு 48,000 மாதிரி, மாதிரிக்கு 16 பிட், இரண்டு சேனல் என்றால் 1,536 கிலோபிட். ஆறு சேனலைச் சுருக்காமல் அனுப்ப இந்த வழியில் இடமில்லை. ஆனால் டிவிடியில் இருக்கும் டால்பி டிஜிட்டல் 5.1, சுருக்கப்பட்ட நிலையில் அதிகபட்சம் 448 கிலோபிட்தான். டால்பியைப் போன்ற இன்னொரு சுருக்க முறையான டிடிஎஸ் அதற்கு மேல் இடம் பிடிக்கும் என்றாலும் அதுவும் இதற்குள் அடங்கிவிடும். ஆகவே மூட்டையைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பினால் ஆறும் போய்ச் சேரும். பிசிஎம், அதாவது சுருக்காத ஒலி, என்று வைத்தால், பிளேயர் தானே மூட்டையைப் பிரித்து, ஆறை இரண்டாகக் கலந்து அனுப்பிவிடும். வயர் சரி, ரிசீவர் சரி, ஸ்பீக்கர் சரி. இந்த ஒரு வரி தவறு. நான் போய்ப் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் நோய் இதுதான்.

எச்டிஎம்ஐயில் சுருக்காத ஒலியே எட்டு சேனல் வரை போகும் என்பதால் அங்கே இரண்டில் எது வைத்தாலும் பெரும்பாலும் குறையில்லை. நான் பிட்ஸ்ட்ரீமே வைப்பேன். ரிசீவரின் முகப்பில் எது வருகிறது என்று எழுத்தில் பார்த்துவிடலாம்.

ஆறு வயர் போட்ட அசெம்பிள் செட்காரர்களுக்குப் பாதை வேறு. 'டவுன்மிக்ஸ்' என்ற வரியில் ஸ்டீரியோ என்று இருந்தால் அதை அணைத்து 5.1 ஆக்குங்கள். 'ஸ்பீக்கர் செட்டப்' என்ற பக்கத்தில் நடு, பின், சப்வூஃபர் எல்லாம் இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பல பிளேயர்களில் அந்தப் பக்கம் இந்த ஆறு துளைகளுக்கு மட்டுமே பொருந்தும். ஆப்டிகல் போட்டவர்கள் அதைத் திருத்திக்கொண்டிருந்தால் ஒன்றும் மாறாது.

இன்னொரு மெனு வட்டிலேயே இருக்கிறது. ஒரே டிவிடியில் இரண்டு சேனல் ஒலியும் 5.1 ஒலியும் தனித்தனியாக இருக்கலாம். தானாகத் தொடங்குவது இரண்டு சேனலாக இருக்கலாம். படம் ஓடும்போது ரிமோட்டில் 'ஆடியோ' பொத்தானை ஒவ்வொரு முறையாக அழுத்திப் பாருங்கள். டிடிஎஸ் தேர்ந்து ஒலி நின்றுபோனாலோ வெறும் இரைச்சல் வந்தாலோ, பிளேயரின் மெனுவில் டிடிஎஸ் அணைந்திருக்கிறது அல்லது உங்கள் ரிசீவருக்கு டிடிஎஸ் தெரியாது.

பழைய விசிடிகளிலும் எம்பி3 பாட்டு வட்டுகளிலும் 5.1 தேடாதீர்கள். ஒரே சேனலில் பதிவான கறுப்பு வெள்ளைப் படம் நடு ஸ்பீக்கரில் மட்டும் பேசினால் அது நேர்மையான ஒலி.

ரிசீவர் பக்கம்

ரிமோட்டில் 'டிவிடி' என்ற பொத்தானை அழுத்தினால் போதும் என்று தோன்றும். பல ரிசீவர்களில் அந்தப் பெயருக்கு எந்தத் துளை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். 'இன்புட் அசைன்' என்ற பக்கத்தில், நீங்கள் செருகிய துளையின் எண்ணை டிவிடிக்குக் கொடுங்கள்.

அடுத்து 'டெஸ்ட் டோன்'. மழைச் சத்தம் போல ஒன்று பெட்டி பெட்டியாகச் சுற்றி வரும். முன் இடது என்று திரையில் காட்டும்போது முன் இடதிலிருந்தே வருகிறதா என்று நாற்காலியில் உட்கார்ந்தபடி கேளுங்கள். வேறு பெட்டியில் வந்தால் வயர் மாறியிருக்கிறது. ஐந்தும் ஒரே அளவில் கேட்கும்படி அளவைத் திருத்துங்கள்.

தூரத்தை டேப் வைத்து அளந்து கொடுங்கள். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிநொடி ஆகும். அருகில் இருக்கும் பெட்டியை ரிசீவர் அவ்வளவு தாமதப்படுத்தி எல்லாவற்றையும் ஒன்றாகக் காதில் சேர்க்கும். மலைக் குளிரில் ஒலி மெதுவாகப் போகுமே என்று ஒரு நண்பர் கேட்டார். உண்மைதான்: 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர், 10 டிகிரியில் 337. மூன்று மீட்டர் அறைக்குள் அந்த வித்தியாசத்தை எந்தக் காதும் கண்டுபிடிக்காது.

ஸ்பீக்கர்கள் கையடக்கமானவை என்றால் 'ஸ்மால்' என்றும் பிரிக்கும் எல்லையை 80 ஹெர்ட்ஸ் என்றும் வையுங்கள். மிகச் சிறிய பெட்டி என்றால் 120. அதற்குக் கீழ் உள்ள கனத்த ஒலியெல்லாம் சப்வூஃபருக்குப் போய்விடும். கடைசியாக, ஹால், ஸ்டேடியம் போன்ற முறைகள் எதுவும் வேண்டாம். 'ஆட்டோ' அல்லது 'டைரக்ட்'. இப்போது 5.1 வட்டைப் போட்டால் ரிசீவரின் முகப்பில் டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் என்ற எழுத்து வர வேண்டும். பிசிஎம் என்றோ, இரண்டு சேனலை ஊகத்தால் பரப்பும் புரோ லாஜிக் என்றோ வந்தால் பிளேயரின் மெனுவுக்குத் திரும்புங்கள்.

உதடும் குரலும் பொருந்தாவிட்டால் 'லிப் சிங்க்' என்ற வரியில் 20, 40 மில்லிநொடி என்று கூட்டிப் பாருங்கள். படத்தைத் தொலைக்காட்சி தாமதமாக்குவதால் வரும் வேறுபாடு அது.

மலைக்கென்று சில

ஈரம் முதல் எதிரி. இரண்டு மூன்று பருவமழை கடந்த ஸ்பீக்கர் வயரின் முனையைப் பாருங்கள். செம்பு பச்சை பிடித்திருக்கும். வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக உரித்துத் திரியுங்கள். குளிர்ந்த அறையிலிருந்த பிளேயரைக் கணப்புள்ள அறைக்குக் கொண்டுவந்தவுடன் போட்டால், லென்ஸில் பனி படிந்து 'நோ டிஸ்க்' என்று காட்டும். ஒரு மணி நேரம் சும்மா விடுங்கள். வட்டில் பூஞ்சை படிந்தால் சில துளி சோப்பு நீரில் கழுவி, பஞ்சுத் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள். வட்டமாகச் சுற்றித் துடைத்தால் கீறல் தடத்தின் வழியே ஓடிப் படம் சிக்கும்.

ரிசீவரின் தலைக்கு மேல் நாலு விரற்கடை இடைவெளி விடுங்கள். ஊரே குளிர்கிறதே, சூடாகுமா என்று நினைக்க வேண்டாம். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சூட்டை எடுத்துச் செல்லும் காற்றும் அந்த அளவுக்கு மெலிது.

'உம்' என்ற இரைச்சல் கேட்டால், எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டிப் பாருங்கள். அடங்காவிட்டால் டிஷ் வயரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அது அந்த வழியாகத்தான் ஏறும். எர்த் பின்னை மட்டும் உடைக்காதீர்கள். அப்படி யோசனை சொன்ன ஒரு கடைக்காரரிடம் நான் அதன் பிறகு போகவில்லை.

சித்திரை மழையிலும் ஐப்பசியிலும் இடி கேட்டால் பிளக்கோடு டிஷ் வயரையும் பிடுங்குங்கள். ஒருமுறை பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். மின்னல் டிஷ் வயர் வழியாக வந்து, செட்டாப் பெட்டியையும் அது மாட்டியிருந்த எச்டிஎம்ஐ துளையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

தகரக் கூரையில் மழை கொட்டும் இரவுக்கு, ரிசீவரில் 'நைட் மோட்' அல்லது 'டைனமிக் ரேஞ்ச்' என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். வெடிச்சத்தத்தைத் தணித்து மெல்லிய குரலை உயர்த்தும். நடு ஸ்பீக்கரை 3 டெசிபல் கூட்டிவைத்தால் இன்னும் நல்லது.

தலைமையாசிரியர் வீட்டில் அன்று மூடியைக் கழற்றி, ஆப்டிகலை 'டக்' என்று பொருத்தி, சிவப்பு வெள்ளையைச் சுருட்டி அவர் கையில் கொடுத்து, மெனுவில் ராவைத் தேர்ந்து, ஹாலை அணைத்தேன். அரைமணி நேரம் ஆனது. அதில் பாதி, ரிமோட்டின் பேட்டரி தேடியதில் போனது. படம் ஓடியதும் அவர் எழுந்து போய் நடு ஸ்பீக்கரின் மேல் கை வைத்துப் பார்த்தார்.

"இது அதிர்கிறதே! இதற்கு வயரே போகவில்லை என்று நினைத்துத்தான் மேலே பூ ஜாடி வைத்திருந்தேன்" என்றார்.

ஜாடியை எடுத்து ஜன்னலோரம் வைத்துவிட்டு வந்தோம்.